பால் கறந்துவிட்டு வந்தவர்

சென்ற வாரம் நாம் பார்த்த ஃபாய்னவனின் வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொன்னால், அந்தக் குதிரையின்மீது பிரியம் வைத்தவர்கள்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 1967-ஆம் ஆண்டு எயின்ட்ரீ மைதானத்தில் நடந்த வேலி தாண்டும் குதிரைப் பந்தயத்தில், 23-ஆவது வேலியருகே முன்னால் சென்ற குதிரைகளெல்லாம் ஒன்றோடொன்று முட்டி மோதித் தடுமாறி நிற்க, வெகு பின்னால் வந்துகொண்டிருந்த அது மட்டும் சந்து கண்டு தாண்டிப் போயிற்று. அதன் பயிற்சியாளர் ஜான் கெம்ப்டனோ அன்று வேறொரு குதிரையோடு வூஸ்டர் மைதானத்துக்குப் போயிருந்தார். இந்த வாரத்துக் கதையில் அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு பங்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வேல்ஸ் தேசத்தில், கார்மார்தனுக்கு அருகே நான்ட்கரேடிக் என்னும் கிராமத்தில் பால்பண்ணை நடத்திவந்த சிரல் கிரிஃபித்ஸ் என்பவர், முழுநேரப் பயிற்சியாளருக்குரிய லைசென்ஸ் ஏதுமின்றி, தம் குடும்பத்துக் குதிரைகளை மாத்திரம் பழக்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனைக்குட்பட்ட அநுமதிச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, மாடுகளின் பராமரிப்புக்கு நடுவே மூன்றே மூன்று குதிரைகளைப் பழக்கிவந்தார். அவற்றுள் ஒன்றுதான் நார்ட்டன்ஸ் காயின். வம்சப் பெருமை பேசத்தக்க குதிரையன்று.

செல்ட்டன்ஹாம் குதிரைப் பந்தய விழாவின் தங்கக் கோப்பைக்கு அதை அனுப்பியதும் பேராசையினால் அல்ல. அதே விழாவில் நடக்கும் சிறிய பந்தயமொன்றில் அதை ஓடவிட எண்ணியிருந்தார். அதற்கு விதிகள் இடம்கொடுக்கவில்லை. மற்றொன்றுக்குப் பெயர் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டது. சிறிய வாசல்கள் அடைபட்டபடியால் ராஜகோபுர வாசல் வழியாகப் பிரவேசிக்க நேர்ந்த விசித்திரம் அது.

1990 மார்ச் 15-ஆம் நாள் காலையில் வழக்கம்போல் பால் கறந்து முடித்துவிட்டே கிரிஃபித்ஸ் புறப்பட்டார். மைதானத்தில் ஜனங்களின் கண்ணெல்லாம், முந்தைய ஆண்டு சேற்றிலும் சகதியிலும் அதே கோப்பையை வென்று தேசத்தின் செல்லப்பிள்ளையாகிவிட்ட சாம்பல்நிற டெஸர்ட் ஆர்க்கிட்டின்மீதே இருந்தது. நார்ட்டன்ஸ் காயினுக்குப் புக்கிகள் கொடுத்த விலை ஒன்றுக்கு நூறு. குதிரையின் காலைப் பார்த்து வைத்த விலையா அது, லாயத்தின் வாசலைப் பார்த்து வைத்த விலையா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றேகால் மைல் தூரமும் 22 வேலிகளும் கொண்ட அந்த ஓட்டத்தில், ஜாக்கி கிரஹாம் மக்கோர்ட் பதறாமல் குதிரையை முன்னணியோடு ஒட்டியே வைத்திருந்து, கடைசி வேலிக்குப் பிறகு வரும் மேட்டில், ஜென்னி பிட்மன் என்ற புகழ்பெற்ற அம்மையார் பழக்கிய டோபி டோபியாஸை விரட்டிப் பிடித்து, முக்கால் குதிரை நீளத்தில் முந்தினார். டெஸர்ட் ஆர்க்கிட்டுக்கு மூன்றாவது இடமே கிடைத்தது. வழியில் யாரும் குவியலாக விழுந்து இதற்கு வழிவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 6 நிமிஷம் 30.9 விநாடியில் ஓடி, அந்த மைதானத்தின் பழைய சாதனையையே முறியடித்துவிட்டு வந்த குதிரையை யதேச்சையாக வென்றது என்று எப்படிச் சொல்வது?

1924 முதல் நடந்துவரும் தங்கக் கோப்பையில் ஒன்றுக்கு நூறு என்ற விலையில் வென்ற குதிரை இது ஒன்றே.