தூண்டில் ஈயத் தடை (பிரிட்டன்)

தூண்டில் நரம்பில் கோக்கும் ஈயக்குண்டுகளால் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பதைத் தடுக்க, பிரிட்டனில் 1987 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டவிதி. 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் இறக்குமதியையும் விற்பனையையும் இது தடைசெய்தது.

காரணம்: அன்னங்களுக்குப் பல் இல்லை. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்கின்றன. ஆற்றடியில் கிடக்கும் ஈயக்குண்டுகளும் கற்களோடு உள்ளே போய், தேய்ந்து, அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கின்றன. தசைகள் தளர்கின்றன, கழுத்து மடங்குகிறது. விழுங்கிய இரை செரிமானப் பாதையில் தேங்கிவிடுவதால், தின்றும் பறவை பட்டினியால் மெலிந்து சாகிறது. தேம்ஸ் ஆற்றில் ஊமை அன்னங்கள் அருகியதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருந்தது.

விளைவு: தடைக்குப் பின் தேம்ஸ் அன்னங்கள் மீண்டும் பெருகின. வெள்ளீயம், டங்ஸ்டன், எஃகு ஆகியவற்றாலான குண்டுகள் ஈயத்துக்கு மாற்றாயின. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலமும் லூன் பறவைகளைக் காக்க 2000இல் ஈயத் தூண்டில் பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எஞ்சும் சிக்கல்: ஈயம் மட்குவதில்லை. ஆற்றிலும் ஏரியிலும் முன்பே விழுந்தவை இன்னும் ஆபத்தானவை. ஆகவே சட்டத்தோடு, அறுந்த நரம்பையும் குண்டையும் கரையில் விட்டுச்செல்லாத பொறுப்பும் மீன்பிடிப்போருக்கு வேண்டும்.