வரிச்சிக்குடிக்கு அப்பாலுள்ள கடல்

காரைக்கால் வட்டாரத்து வரிச்சிக்குடிக்குக் கிழக்கே விரியும் வங்கக் கடலில், 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் யுத்தத்தின்போது, நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிவந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தருகே அமிழ்ந்ததைப் பெருமிதத்தோடு பேசும் நாம், அதே யுத்தத்தில் டிசம்பர் 9ஆம் தேதி, மேற்குக் கடலில் டையூவுக்கு அப்பால், நம் குக்ரி போர்க்கப்பல் கப்பித்தான் முல்லா உள்ளிட்ட 194 பேரோடு மூழ்கிய துயரத்தைப் பேசத் தயங்குகிறோம். நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டறியும் பழைய ஆங்கிலேய சோனாரின் கேட்கும் தொலைவை நீட்டிக்க வந்த பரிசோதனைக் கருவியின் பொருட்டு வேகத்தைக் குறைத்துச் சென்ற அக்கப்பலை, ஹங்கோர் என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கிற்று; 1954இல் காரைக்காலை விட்டகன்ற பிரான்ஸ் தேசமே அந்நீர்மூழ்கியைக் கட்டிக்கொடுத்தது என்பது சரித்திரத்தின் விசித்திரம். இத்தகைய நீர்மூழ்கி அபாயத்துக்கான பரிகாரம் மெல்லத்தான் வந்தது: 2019 ஏப்ரலில், கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் எட்டுக் கப்பல்களுக்கு, கல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தாரோடு 6,311 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று; அவற்றுள் முதலாவதான அர்ணாலா, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உருவாகி, 2025 ஜூனில் கடற்படையிற் சேர்ந்தது.