பட்டாணிச் செடி புகட்டும் தருக்கம்

ஒரு கருத்தை எழுத்தில் நிறுவ விழைவோர்க்கு இரு வழிகள் உண்டு. தனித்தனி நிகழ்ச்சிகள் பலவற்றை ஆராய்ந்து அவற்றினின்று பொது விதியொன்றை வருவிப்பது விதிவருமுறை. பொது விதியினின்று தொடங்கித் தனி நிகழ்ச்சி பற்றிய முடிவுக்கு இறங்கி வருவது விதிவிளக்குமுறை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டையுமே எடுத்துரைத்தார். ஆயினும் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் பின்னதே பெரிதும் கோலோச்சியது. 1620-இல் வெளியிட்ட 'நோவும் ஆர்கானும்' என்னும் நூலில் பிரான்சிஸ் பேக்கன் முன்னதற்காக வாதாடினார்.

அவ்வாறெனில் இவையிரண்டும் ஒன்றுக்கொன்று பகையோ? இன்றைய செக் குடியரசிலுள்ள பிர்னோ நகரில், அகுஸ்தீன் சபைத் துறவியான கிரிகர் மெண்டல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு விடை பகர்கின்றது.

1856 முதல் 1863 வரை அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியைப் பயிரிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் உருண்டை விதைகளே கிடைத்தன. அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. தாம் ஆய்ந்த ஏழு பண்புகளிலும் இதே விகிதத்தைக் கண்ட பின்னரே அவர் விதியை வகுத்தார். இது விதிவருமுறை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. இவ்விதி மெய்யானால், உருண்டை விதைகள் மூன்றில் ஒன்று தூயதாகவும் இரண்டு கலப்பாகவும் இருத்தல் வேண்டும். இது விதிவிளக்குமுறை. அவ்விதைகளினின்று 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகையும் தந்தன. விதி சோதனையில் தேறியது. 1865-இல் வாசிக்கப்பட்டு 1866-இல் அச்சேறிய அக்கட்டுரையை உலகம் 1900-இல்தான் உணர்ந்தது. மெண்டலோ 1884-இலேயே மறைந்துவிட்டார்.

நம் எழுத்துக்கும் இதில் பாடமுண்டு. இளைஞர் இருவரின் தவற்றைக் கண்டு, 'இக்கால இளைஞர் அனைவரும் இப்படியே' என்று எழுதுவது குறைபட்ட விதிவருமுறை. 'இன்ன குலத்தார் நம்பத்தகாதவர், இவர் அக்குலத்தார், ஆகவே இவரும் அத்தகையவரே' என்பதிலோ தருக்கத்தின் வடிவம் பிழையற்றது, அடிப்படைக் கூற்றுதான் பொய். இரண்டாலும் காயமுறுவோர் மனிதரே.

பின்னர் மெண்டல் ஹயராசியம் என்னும் மஞ்சட்பூச் செடியை ஆராய்ந்தார். அதன் கலப்பினங்களின் வழித்தோன்றல்கள், பட்டாணியைப்போல் பிரியாமல், தாய்ச்செடியையே ஒத்திருந்தன. தம் விதிக்கு முரணான அம்முடிவை அவர் மறைக்கவில்லை. 1870-இல் அச்சிலேயே வெளியிட்டார். அச்செடி பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தருவது என்ற காரணம் அவருக்குப் பின்னரே தெரிந்தது.

எழுதுகோல் ஏந்துவோர் சான்றுகளினின்று விதிக்கு ஏறட்டும். விதியினின்று மீண்டும் சான்றுக்கு இறங்கிச் சோதிக்கட்டும். தம் கருத்தோடு இசையாத சான்றுக்கும் கட்டுரையில் ஓர் இடம் அளிக்கட்டும்.