தப்பியோடும் பெண்கள்: தலைமறைவாளர் திரைப்படங்களில் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும்

சட்டத்தை மீறிவிட்டு ஊர் ஊராகத் தப்பித் திரிவோரை முதன்மைப் பாத்திரங்களாகக் கொண்ட தலைமறைவாளர் திரைப்படம், அமெரிக்கச் சினிமாவில் வேரூன்றிய வகைமைகளுள் ஒன்று. இப்படங்களில் பெண் நெடுங்காலம் கொள்ளையனின் காதலியாகவோ அவனுடைய வீழ்ச்சிக்குக் காரணமானவளாகவோ மட்டுமே இடம்பெற்றாள். அவளே சட்டத்தை மீறுபவளாக மாறிய படங்களில், அவளது விடுதலையை வசனத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை, கேமரா எங்கே நிற்கிறது, காட்சி எந்த நொடியில் வெட்டப்படுகிறது என்னும் இரண்டு முடிவுகளே. ஹாலிவுட் படங்களில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைக்கப்படுகின்றனர் என்றும், கேமராவும் ஆணின் பார்வையோடு ஒன்றிவிடுகிறது என்றும் பிரிட்டிஷ் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் ‘ஸ்கிரீன்’ இதழில் வாதிட்ட பின்னர், இம்முடிவுகள் திரைப்பட ஆய்வில் தனிக் கவனம் பெற்றன.

ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் கிரேசி’ (1950) இவ்வகையில் முன்னோடியானது. துப்பாக்கி சுடுவதில் வல்லவளான லாரியும் அவள் கணவன் பார்ட்டும் நடத்தும் வங்கிக் கொள்ளையை, காரின் பின்னிருக்கையில் வைக்கப்பட்ட கேமரா, மூன்று நிமிடங்களுக்கும் மேலாக எங்கும் வெட்டாமல் ஒரே ஷாட்டாகப் பதிவு செய்கிறது. பார்ட் வங்கிக்குள் நுழையும்போது கேமரா அவனைத் தொடரவில்லை. வெளியே வந்து நிற்கும் காவலரைப் பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்தும் லாரியிடமே தங்கிவிடுகிறது. கொள்ளை முடிந்து கார் விரையும்போது அவள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் முகத்தில் அச்சத்தைவிடக் கிளர்ச்சியே மேலோங்கி நிற்கிறது. எனினும் குற்றம் தண்டிக்கப்பட்டே தீர வேண்டும் என்ற அன்றைய ஹாலிவுட் தணிக்கை நெறி, அந்த முகத்தைப் படத்தின் முடிவு வரை வாழவிடவில்லை.

அந்த நெறி தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஆர்தர் பென் இயக்கி, டீடீ ஆலன் படத்தொகுப்பு செய்த ‘பானி அண்ட் கிளைட்’ (1967) வெளிவந்தது. தொடக்கத்தில் திரையை நிறைப்பவை பானியின் உதடுகள். சலிப்புற்ற அவள் கட்டிலில் விழுந்து அதன் கம்பிகளைக் கையால் குத்தும்போது, கேமரா அக்கம்பிகளுக்கு இடையே அவள் கண்களை நெருங்கிச் செல்ல, படுக்கையறையே சிறையாகத் தோன்றுகிறது. நிகழ்வின் தொடர்ச்சியிலிருந்து சில கணங்களை நீக்கிவிட்டுத் திடுமென ஒட்டும் ஜம்ப் கட் முறையில் ஆலன் இக்காட்சியைத் தொகுத்திருப்பதால், உடல் ஓரிடத்தில் நிலைகொள்ளாத தவிப்பு வெட்டுகளிலேயே கேட்கிறது. ஆனால் இறுதியில் நான்கு கேமராக்களால் வெவ்வேறு வேகங்களில் படமாக்கப்பட்ட துப்பாக்கிச்சூட்டில், பானியும் அவள் கூட்டாளி கிளைடும் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்துக்கொள்ளும் மின்னல் வெட்டுகளை அடுத்து, குண்டுகள் துளைத்துத் துடிக்கும் பானியின் உடலை ஸ்லோ மோஷன் மீண்டும் ஒரு காட்சிப்பொருளாகவே ஆக்கிவிடுகிறது.

இந்த வகைமையின் இலக்கணத்தையே பெண்களின் பக்கமிருந்து மாற்றி எழுதிய படம், தப்பியோடும் இரு தோழியரைப் பற்றிய ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ (1991). காலி கூரி எழுதிய முதல் திரைக்கதையான இது ஆஸ்கர் விருது பெற்றது; ரிட்லி ஸ்காட் இயக்க, ஏட்ரியன் பிடில் ஒளிப்பதிவையும் தாம் நோபிள் படத்தொகுப்பையும் மேற்கொண்டனர். தெல்மாவின் சமையலறையிலும் லூயிஸ் பணிபுரியும் உணவகத்திலும் பொருள்களால் நெருக்கப்பட்டிருந்த சட்டகம், 1966ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் திறந்த கூரைக்கு மேல் வானமாக விரிகிறது. பார்வையின் திசையும் மாறுகிறது: வழியில் ஏறிக்கொள்ளும் இளைஞனைத் தெல்மா கார்க் கண்ணாடியில் நோட்டமிட, இப்போது பார்க்கப்படுவது ஆணின் உடல்.

இப்படத்தின் மிகச் சிறந்த தொகுப்பு முடிவு, தெல்மாவின் கடைக் கொள்ளையைச் சார்ந்தது. அவள் கடைக்குள் செல்லும்போது படம் வெளியே, காரில் காத்திருக்கும் லூயிசிடம் நின்றுவிடுகிறது. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னிருந்து தன்னைப் பார்க்கும் முதிய பெண்களைக் கண்ட லூயிஸ், பூசிக்கொள்ள எடுத்த உதட்டுச்சாயத்தை வீசி எறிகிறாள். அடுத்து ஓடிவரும் தெல்மாவின் வாயிலிருந்தே கொள்ளை நடந்தது தெரியவருகிறது. அக்கொள்ளையைப் பார்வையாளர் காண்பது பின்னர்தான்: தெல்மாவின் கணவனும் காவல்துறையினரும் வாயடைத்துப் பார்த்திருக்கும் கண்காணிப்புக் கேமராப் பதிவாக. பெண்ணைக் கண்காணிக்க வைத்த கருவியே அவளது துணிச்சலுக்குச் சாட்சியாகிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்களால் அங்கே செய்யக்கூடியது எதுவுமில்லை.

டெக்சஸில் லூயிசுக்கு முன்பு நேர்ந்ததாகக் குறிப்பால் மட்டுமே உணர்த்தப்படும் வன்கொடுமையையும் படம் காட்ட மறுக்கிறது. கடந்த காலத்தை மீண்டும் நடத்திக் காட்டும் ஃபிளாஷ்பேக் ஒன்றுகூட இல்லை. மெக்சிகோவுக்குத் தப்பிச் செல்லும் வழியில் அம்மாநிலத்தைத் தவிர்க்க அவள் பிடிக்கும் பிடிவாதமே போதுமானதாகிறது. இறுதியில் பள்ளத்தாக்கின் மேல் பாயும் கார், ஒரே சட்டகத்தை நிறுத்திவைக்கும் உறைநிலைக் காட்சியாகி வெண்மையில் கரைகிறது. அதையடுத்துப் பயணத்தின் மகிழ்ச்சியான கணங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. கார் கீழே விழுவதைக் காட்டும் முடிவும் படமாக்கப்பட்டுப் பின்னர் விலக்கப்பட்டது. மரணத்தை மறைத்து விடுதலையை அழகுபடுத்துகிறது என்று இம்முடிவைக் குறை கூறுவோர் உண்டு. பானியின் உடலுக்கு நேர்ந்ததை இப்பெண்களின் உடல்களுக்கு நேரவிடாமல் தடுத்தது அந்த வெட்டுதான் என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

இந்தியாவில் இச்சிக்கல் மேலும் கூர்மையானது. மாலா சென் எழுதிய நூலின் அடிப்படையில் சேகர் கபூர் இயக்கிய ‘பேண்டிட் குயின்’ (1994) படத்துக்கு அசோக் மேத்தா ஒளிப்பதிவும் ரேணு சலூஜா படத்தொகுப்பும் செய்தனர்; கொள்ளைக் கூட்டத் தலைவி பூலான் தேவியாக நடித்த சீமா பிஸ்வாஸ் தேசிய விருது பெற்றார். பெஹ்மாய் கிராமத்தில் நிகழும் கூட்டு வன்கொடுமையையும், ஊரார் முன்னிலையில் அவர் ஆடையின்றிக் கிணற்றடிக்கு நடத்தப்படுவதையும் படம் நேரடியாகவே காட்டுகிறது. கேமராவின் பரிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் லூயிஸ் என்ற கற்பனைப் பெண்ணுக்கு வழங்கப்பட்ட மௌனம், அப்போது உயிரோடிருந்த ஒரு பெண்ணுக்கு வழங்கப்படவில்லை. பூலான் தேவி படத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்று, பின்னர் உடன்பாட்டின்பேரில் வழக்கைக் கைவிட்டார். வாழும் பெண்ணொருவரின் வன்கொடுமையை அவர் இசைவின்றி மீண்டும் அரங்கேற்றும் உரிமை எவருக்கு உண்டு என்று எழுத்தாளர் அருந்ததி ராய் படம் வெளிவந்த ஆண்டிலேயே எழுப்பிய கேள்வி பெரும் விவாதமானது. வேறொருவர் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கிணற்றடிக் காட்சி காமத்தைத் தூண்டுவதன்று, கொடுமை செய்தவர்கள்மீது அருவருப்பையும் பாதிக்கப்பட்டவரிடம் இரக்கத்தையுமே எழுப்புவது என்று கூறி, வயது வந்தோருக்கான சான்றிதழுடன் படத்தைத் திரையிட அனுமதித்தது.