சேற்றுப்புண்ணும் காலணியும்: நம் கால்களின் வரலாறு



மழைக்காலம் தொடங்கியதும் வகுப்பறைகளில் ஈரக் காலணியின் வாடை வீசும். சில மாணவர்கள் பாடவேளையிலேயே காலணியைக் கழற்றிவிட்டு விரலிடுக்கைச் சொறிவதையும் காண்கிறேன். தோல் வெளுத்து, ஊறி, உரியும் இத்துன்பத்தை நாம் சேற்றுப்புண் என்கிறோம். இதனைச் சிறு தொல்லையென ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், நம் முன்னோர் இந்நாட்டில் நடந்த கதையும் இதனுள் அடங்கியிருக்கிறது.

வெறுங்கால் காலம்

தமிழகத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கிலும், 1901 இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வந்திறங்கிய தொழிலாளர் பெரும்பாலும் வெறுங்காலினர். விடியற்காலையில் ஈரப் புல்லில் நடந்தே பால்மரம் சீவினர்.

அந்நாளில் கால்விரலிடுக்கில் எழுந்த அரிப்பெல்லாம் பூஞ்சையால் வந்ததன்று. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மண்ணிலிருந்து தோலைத் துளைத்துப் புகும்போதும் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். அப்புழு குடலை அடைந்து குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, சாவகம், பிஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. இதற்கு உரிய தடுப்பு, முறையான கழிவறையும் காலணியுமே.

காலணிக் காலம்

காலணி புழுவைத் தடுத்தது. பூஞ்சைக்கோ இடம் கொடுத்தது. இன்று சேற்றுப்புண்ணுக்குப் பெருங்காரணமாக விளங்கும் திரைக்கோபைட்டன் ரூப்ரம் என்னும் பூஞ்சையை, கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டெல்லானி 1910 இல் விவரித்தார். தென்கிழக்காசியாவும் இதன் தொன்மையான இருப்பிடங்களுள் ஒன்று என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வெறுங்காலில் நடந்த மக்களிடம் இது உடலில் படர்தாமரையாகவே காணப்பட்டதாம். போர்வீரர்களாலும் பயணிகளாலும் மேலைநாடுகளுக்குச் சென்ற பின்னரே, மூடிய காலணிக்குள் வெப்பமும் வியர்வையும் பெற்றுக் கால்நோயாகப் பெருகியது என்பது அவர்தம் கருத்து.

தோட்டத்தைவிட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் குடிபெயர்ந்து, நாள்முழுதும் காலணியணிந்து உழைத்த நம்மவருக்கும் அதே நிலைதான்.

இங்கு ஒன்றைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளைக் காலணி இருந்த நாளில், வாரந்தோறும் அதைத் துவைத்து வெயிலில் உலர்த்தி வெள்ளை பூசுவது வழக்கம். 2018 இல் அறிவிக்கப்பட்ட கருப்புக் காலணி 2021 முதல் கட்டாயமாயிற்று. கருப்பில் அழுக்குத் தெரிவதில்லை. அதனால் துவைக்கும் பழக்கமும் குறைந்துவருவதை நான் கவனிக்கிறேன்.

வீட்டு மருந்துகள்

மலாய் அண்டைவீட்டார் கெலெங்காங் எனவும், நாம் சீமை அகத்தி அல்லது வண்டுகொல்லி எனவும் அழைக்கும் செடியின் இலையை அரைத்துப் பற்றிடுவது நெடுநாள் வழக்கம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. பிலிப்பீன்சு நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று. மருதாணி இலையும் மஞ்சளும் நம் பாட்டிமார் கைமருந்து. இவற்றின் சாறு ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை ஒடுக்கக் கண்டுள்ளனர். எனினும், எல்லார் காலிலும் குணமாகும் எனச் சொல்லவியலாது.

ஆங்கில மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டு பெயரால் வழங்கும் களிம்பில் 6 விழுக்காடு பென்சோயிக் அமிலமும் 3 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் உள்ளன. இன்று குளோட்ரிமசோல், டெர்பினாபைன் களிம்புகள் மருந்தகங்களில் எளிதில் கிடைக்கின்றன. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் மீண்டும் வரும். சொன்ன நாள்வரை பூச வேண்டும்.

மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். அரிப்புக்கென வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மட்டும் பூசினால் பூஞ்சை மேலும் பரவும். நீரிழிவு உள்ளோர் கைமருந்தில் காலம் கடத்தலாகாது. அவர்கள் விரலிடுக்கில் உண்டாகும் சிறு வெடிப்பும் பெரும்புண்ணாகலாம். 2023 ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியோரில் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளோர். வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டால் எவராயினும் உடனே கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்.

தடுக்கும் வழிகள்

1. குளித்தபின் விரலிடுக்குகளைத் தனித்துண்டால் துடைத்து உலர்த்துக.
2. காலுறையை நாள்தோறும் மாற்றுக.
3. இயன்றால் இரண்டு இணைக் காலணி வாங்கி மாற்றி மாற்றி அணிவிக்க, ஒன்று உலரட்டும்.
4. பொதுக் குளியலறையில் சிலிப்பர் அணிக.
5. இந்நோய் பெரியோரிடமே மிகுதி. பிள்ளைக்கு வந்தால் அப்பா, தாத்தா காலையும் பாருங்கள்.

ஆசிரியர்களே, மழையில் நனைந்து வந்த மாணவன் காலணியைக் கழற்றி உலர்த்த இடம் கொடுங்கள். வாடையைச் சுட்டிப் பிறர் முன் நகைக்க வேண்டாம். இன்னொரு இணைக் காலணி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையாகவும் அவன் இருக்கலாம்.