விளக்கும் குடமும்: 1982 இலங்கைச் சர்வசன வாக்கெடுப்பு

இலங்கை தன் வரலாற்றில் ஒரே ஒரு முறைதான் நாடு தழுவிய சர்வசன வாக்கெடுப்பை நடத்தியிருக்கிறது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைப் பொதுத்தேர்தல் இல்லாமல் மேலும் ஆறு ஆண்டுகள் தொடர விடலாமா என்பதே 1982 டிசெம்பர் 22ஆம் திகதி மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். அந்த வாக்கெடுப்பைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை முறைகேடுகளையே பேசுகின்றன. அவை நடந்தது உண்மை. ஆனால் ஒரு முறைகேடும் இன்றி நடந்திருந்தாலும் அது ஜனநாயகத்துக்குக் கேடாகவே முடிந்திருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பிழை வாக்குச்சாவடிக்கு முன்பே, அரசியலமைப்பில் தொடங்கிவிட்டது.

பதவிக்காலத்தை நீட்டும் வழக்கத்தைத் தொடங்கியது 1982 அல்ல. 1970இல் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான ஐக்கிய முன்னணி அரசு, 1972இல் குடியரசு அரசியலமைப்பை இயற்றியபோதே தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. மக்களைக் கேட்கவில்லை. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டங்களைத் தடைசெய்த, அதுவரை இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவும் அத்துடன் இல்லாது போயிற்று. தமிழ் மக்களின் ஒப்புதல் இல்லாத அரசியலமைப்பு இது என்று எடுத்துக்காட்ட, தமிழ்த் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை உறுப்பினர் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலில் தீர்ப்பைக் கேட்போம் என்று அறைகூவினார். அந்த இடைத்தேர்தலை அரசு 1975 பெப்ரவரி 6 வரை நடத்தவில்லை. அவர் பெற்றவை 25,927 வாக்குகள். எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலம் பெற்றவை 9,457. தமிழர் அரசியலில் மக்கள் தீர்ப்பைக் கேட்டுப் பெற்ற முயற்சிகளில் இதைவிடத் தெளிவானது அரிது. சட்டத்தின் கண்ணிலோ அது ஒரு தொகுதியின் முடிவு மட்டுமே.

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. 30 வீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளைப் பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே ஆசனங்கள். 18 ஆசனங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியாயிற்று. பாதி வாக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனமாகப் பெருகிய இந்தச் சபைதான் 1978 அரசியலமைப்பை நிறைவேற்றியது. ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிந்தனைச் சுதந்திரம் போன்றவற்றை மாற்றுவதற்கும், ஜனாதிபதி, பாராளுமன்றம் ஆகியவற்றின் பதவிக்காலத்தை ஆறாண்டுக்கு மேல் நீட்டுவதற்கும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று அதன் 83ஆம் உறுப்புரை விதித்தது. ஆளுவோருக்கு இட்ட வேலியாகவே பலரும் இதைக் கருதினர்.

அதே அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தலையும் கொண்டுவந்தது. சிக்கலின் முடிச்சு இங்கேதான். 1982 ஒக்டோபர் 20இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்தன 52.91 வீத வாக்குகளுடன் மீண்டும் ஜனாதிபதியானார். அவருடைய முதன்மைப் போட்டியாளராக இருந்திருக்கக்கூடிய, சிறீலங்கா சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தன. அந்த வாக்கு வீதத்தோடு பொதுத்தேர்தலுக்குப் போனால் ஆட்சி கிடைக்கும், மூன்றில் இரண்டு கிடைக்காது. ஆகவே பழைய சபையையே வைத்துக்கொள்ள நான்காவது திருத்தம் வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத பதவிவிலகல் கடிதங்கள் வாங்கப்பட்டன. உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வழிவிட்டது. பிரசாரம் அவசரகால நிலையில் நடந்தது. நீடிப்பை எதிர்த்து மதகுருமார் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸார் கைப்பற்றினர். அது உரிமை மீறல் என்று நீதிமன்றம் சொன்ன பின், கைப்பற்றிய பொலிஸ் அதிகாரிக்கு அரசு பதவி உயர்வு கொடுத்தது.

ஆம் என்றோர் 31,41,223 பேர், இல்லை என்றோர் 26,05,983 பேர். 54.66 வீதம் வெற்றிதான். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் ஜெயவர்தனவுக்கு விழுந்தவை 34,50,811 வாக்குகள். வாக்களிப்பு 81 வீதத்திலிருந்து 71 வீதத்துக்கு இறங்கியிருந்தது. பதிவான வாக்காளர் அனைவரையும் கணக்கில் எடுத்தால், விளக்குக்கு வாக்களித்தோர் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. அவர்களுடைய சம்மதத்தின் மீதுதான் ஆறில் ஐந்து பங்குச் சபை 1988 டிசெம்பர் வரை நின்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடத்துக்கே விழுந்தன. தீவு முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்படும் கணக்கில் அந்த மறுப்பு கரைந்துபோனது.

பொதுத்தேர்தலில் தோற்றவர்களுக்கும் பாராளுமன்றத்தில் இடம் உண்டு. அடுத்த நாள் எழுந்து பேசலாம். வாக்கெடுப்பில் தோற்றவருக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. குடத்துக்கு வாக்களித்த 26 இலட்சம் பேர் விகிதாசார முறையில் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய பிரதிநிதிகளை இழந்தார்கள். பெரும்பான்மையைக் கட்டுப்படுத்த, அதே பெரும்பான்மையிடம் மீண்டும் ஒருமுறை கேட்பது எப்படி வேலியாகும்? சோல்பரியின் 29ஆம் பிரிவும் 1972இல் தோற்றதுதான். எனினும் சில சட்டங்களைச் சபை எந்தப் பெரும்பான்மையாலும் இயற்றக்கூடாது என்று சொல்லவாவது அது முயன்றது. 83ஆம் உறுப்புரையில் அப்படியொரு தடையே இல்லை.

விளைவு விரைவிலேயே வந்தது. 1983 ஓகஸ்டில், தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரத்தின் சூடு தணியுமுன், நீடிக்கப்பட்ட சபை பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கும் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதை எடுக்க மறுத்து ஆசனங்களை இழந்தனர்.

ஒற்றையாட்சியை நாடு தழுவிய வாக்கெடுப்பு இன்றி மாற்ற முடியாது என்ற விதி இன்றும் உண்டு. 1987இல் மாகாண சபைகளைத் தந்த பதின்மூன்றாவது திருத்தத்துக்கே வாக்கெடுப்பு வேண்டுமா என்பதில் ஒன்பது நீதியரசர்கள் பிளவுபட்டனர். வேண்டாம் என்றோர் ஒருவரே கூடுதல். அதே ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தம், வடக்குடனான இணைப்பை ஏற்பதா என்று கிழக்கு மாகாண மக்களை 1988 முடிவதற்குள் தனியாகக் கேட்பதாக உறுதியளித்தது. ஒரு பிரதேசத்தின் விருப்பத்தை அந்தப் பிரதேசத்திலேயே எண்ணியிருக்கக்கூடிய வாக்கெடுப்பு அது. ஜனாதிபதிகள் ஒருவர்பின் ஒருவராக அதை ஒத்திவைத்தனர். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதது ஆக்கியபோதும் கிழக்கில் ஒரு வாக்குச்சீட்டும் வழங்கப்பட்டிருக்கவில்லை.