கல்லாகிய மரங்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் திருவக்கரைக்கும் சென்று வாருங்கள். செம்மண் மேட்டில் அடிமரங்கள் சாய்ந்து கிடக்கும். அருகில் சென்று பார்த்தால் அத்தனையும் கல்! 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலார் இவற்றைக் கண்டு குறித்துவைத்தார். இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

இவை எப்படி இங்கு வந்தன? கிளையும் இல்லை, வேரும் இல்லை. ஆகவே, எங்கோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் அடித்து வந்திருக்க வேண்டும் என்பது புவியியலார் முடிவு. மணலில் புதைந்த மரங்களுக்குள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா சிறிது சிறிதாகப் படிந்து அவற்றைக் கல்லாக்கியது.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. நினைவுக்கென்று ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். வெள்ளம் எழுதிய இந்த ஏட்டுக்கு வேறு பிரதி கிடையாது.